போதை மருத்துவச் சிறப்புத் தேர்வு: வடசென்னை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே போதைப்பழக்கச் சிகிச்சைத் துறையான போதை மருத்துவத்தின் தேர்வுக்குப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். எம்.பி.பி.எஸ். முடித்தவருக்குத் தெரிந்த அடிப்படைகளை விளக்கவில்லை.

எந்தத் தேர்வைச் சொல்கிறீர்கள்? இதில் பல இருக்கின்றனவே?

மூன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, இந்தியாவில் டி.எம். அடிக்ஷன் சைக்கியாட்ரி. மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்தவர்களுக்கான மூன்றாண்டுப் படிப்பு. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஐ.என்.ஐ. எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு வழியாகத்தான் இவற்றில் சேர முடியும். நுழைவுத் தேர்வில் மனநல மருத்துவம் முழுவதிலிருந்தும் கேள்வி வரும். போதைப் பகுதியை மட்டும் உருப்போட்டுப் போனால் அடிவாங்குவது உறுதி.

இரண்டாவது, ஐசாம் என்னும் சர்வதேச போதை மருத்துவச் சங்கம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வு. மனநலம் அல்லாத துறை மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே குறி வைக்கிறார்கள். அறிவுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் கை கொடுக்கும், ஆனால் டி.எம். பட்டத்துக்கு ஈடாகாது. மூன்றாவது, அமெரிக்கத் தடுப்பு மருத்துவ வாரியத்தின் அடிக்ஷன் மெடிசின் தேர்வு. அங்கே இது 2016-ல் தனி உட்பிரிவாக ஏற்கப்பட்டது. அமெரிக்க உரிமமும் ஏதாவது ஒரு முதன்மை வாரியச் சான்றிதழும் இல்லாமல் இதற்கு உட்கார முடியாது. அங்கே போகும் திட்டம் இல்லாதவர் அதன் பாடத்திட்டத்தைப் படிக்கும் வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அது நல்ல வழிகாட்டி.

ஓ.பி.யில் தினமும் குடிநோயாளிகளைப் பார்க்கிறேன். தனியாகப் படிக்க வேண்டுமா?

வேண்டும். ஓ.பி. தருவது நோயாளியின் முகம். தேர்வு கேட்பது மணிக்கணக்கும் மில்லிகிராமும். கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் ஆனது, மருந்தை எப்போது தொடங்கலாம், சிறுநீரகச் செயல்பாடு எவ்வளவு குறைந்தால் நிறுத்த வேண்டும் என்றுதான் பெரும்பாலான கேள்விகள் போகும். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதிப் பழகிய கைக்கு இந்த எண்கள் பதிவதில்லை. எனவே பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: ஒரு நாளில் உள்ளே போகும் ஆல்கஹால் எத்தனை கிராம், கடைசிக் குடிக்குப் பின் எத்தனை மணி நேரம், விலகல் அளவுகோலில் எத்தனை மதிப்பெண். ஒரு மாதம் இப்படிச் செய்தால் பாதிப் பாடம் வார்டிலேயே முடிந்துவிடும்.

“தினமும் ஒரு குவார்ட்டர்” என்பதைத் தேர்வுக் கணக்கில் எப்படி மாற்றுவது?

அளவு (மி.லி.) × ஆல்கஹால் சதவீதம் × 0.789. இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கியில் வழக்கமாக 42.8 சதவீதம். 180 மி.லி. குவார்ட்டர் என்றால் 180 × 0.428 × 0.789, ஏறத்தாழ 61 கிராம். ‘கட்டிங்’ அதில் பாதி, 30 கிராம். 650 மி.லி. பீர் 8 சதவீதமாக இருந்தால் 41 கிராம். பீரை “லேசானது” என்று நோயாளி சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அடுத்த சிக்கல், எத்தனை கிராம் ஒரு ‘ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்’ என்பது. குடிப்பழக்கத்தைச் சோதிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளிலும் இந்தியாவிலும் 10 கிராம். அமெரிக்காவில் 14 கிராம். தினம் ஒரு குவார்ட்டர் குடிப்பவருக்கு வாரத்தில் சுமார் 426 கிராம். நம் கணக்கில் 42 ட்ரிங்குக்கு மேல், அமெரிக்கக் கணக்கில் 30. கேள்வி எந்த நாட்டு அலகில் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு விடைகளைப் படியுங்கள்.

இரத்த ஆல்கஹாலும் அப்படியே. உடல் ஆல்கஹாலை ஒரே சீரான வேகத்தில், மணிக்கு 15 முதல் 20 மி.கி./டெ.லி. அளவில் அகற்றும். இரவு பத்து மணிக்கு 200 என்றால், மணிக்கு 20 வீதம், அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் வரம்பான 80-க்கு இறங்க 6 மணி நேரம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பான 30-க்கு இறங்க எட்டரை மணி நேரம். அதாவது மறுநாள் காலை ஆறரை வரை வண்டி எடுத்தால் வழக்குதான்.

மது விலகலில் எதை, எந்த வரிசையில் நினைவில் வைப்பது?

மது விலகல் என்பது குடியை நிறுத்தியதும் உடல் காட்டும் எதிர்வினை. கடைசிக் குடியை பூஜ்யம் என்று வையுங்கள். 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு. 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு. 12 முதல் 24 மணிக்குள் சிலருக்கு மாயத்தோற்றம், ஆனால் சுயநினைவு தெளிவாக இருக்கும். 48 முதல் 96 மணிக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ்: நினைவுக் குழப்பம், காய்ச்சல், நாடித்துடிப்பு உயர்வு. மாயத்தோற்றத்தையும் டெலிரியத்தையும் பிரிப்பது முக்கியமாகச் சுயநினைவே, விடைத்தாளில் அங்கேதான் வழுக்கும்.

வழக்கமாக வரும் கேள்வி: கால் எலும்பு முறிந்து எலும்பியல் வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று எழுந்து ஓடுகிறார். விடை ஹாலோபெரிடால் என்னும் ஆன்டிசைக்கோடிக் (மனப்பிறழ்வு மருந்து) அல்ல, பென்சோடயசெபைன் (டயசெபாம் வகைத் தூக்க மருந்து). ஆன்டிசைக்கோடிக் மட்டும் கொடுத்தால் வலிப்பு வரம்பு குறையும், விலகலும் நிற்காது. மது விலகல் வலிப்பு திரும்ப வராமல் தடுக்க ஃபெனிடாயினும் உதவாது. ஆனால் வலிப்பு உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கியது என்றோ, வண்டியிலிருந்து விழுந்தார் என்றோ கேள்வியில் ஒரு வரி இருந்தால் தலைக்கு சி.டி. கேட்பதுதான் விடை.

எந்த பென்சோடயசெபைன்? கல்லீரல் சரியாக இருந்தால் டயசெபாம் அல்லது குளோர்டயசெபாக்சைடு. நீண்ட நேரம் தங்குவதால் தானாகவே மெல்ல இறங்கும். சிரோசிஸ், முதுமை, மூச்சுக் கோளாறு என்றால் லோராசெபாம் அல்லது ஆக்சசெபாம். இவை குளுக்குரோனிடேஷனால் மட்டுமே சிதைபவை, பழுதான கல்லீரலில் அவ்வளவாகத் தேங்காது. தேர்வு “எந்த மருந்து” என்று கேட்டு நிறுத்தாமல் “ஏன்” என்பதையும் விடைகளில் ஒளித்து வைக்கும்.

தயமின் (வைட்டமின் பி1) தனிக் கதை. குடித்தே கிடந்தவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன்போ அதனுடனோ தயமின் போக வேண்டும். தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளைநோய் என்று சந்தேகம் வந்தாலே 500 மி.கி. நரம்பு வழியாக நாளுக்கு மூன்று முறை. குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வரும் வரை காத்திருப்பது தவறான விடை, ஏனெனில் மூன்றும் சேர்ந்து வருவது சிறுபான்மையினருக்கே. மாத்திரையாகக் கொடுத்தால் குடல் சரியாக உறிஞ்சாது. மெக்னீசியம் குறைந்திருந்தால் தயமின் கொடுத்தும் பலன் வராமல் போகலாம்.

அளவுகோல்கள் எல்லாம் கலந்து போகின்றன. குறுக்கு வழி உண்டா?

எதற்கான கருவி என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் போகும். ஆடிட் (10 கேள்வி, உச்சம் 40, 8 அல்லது அதற்கு மேல் ஆபத்து), கேஜ் (4 கேள்வி, 2 ‘ஆம்’) இரண்டும் சல்லடைகள். விலகலின் கடுமையை அவை அளக்காது. சீவா-ஏ.ஆர். (10 அம்சம், உச்சம் 67) மது விலகலுக்கு, கவ்ஸ் (11 அம்சம், உச்சம் 48) ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) விலகலுக்கு. நாடித்துடிப்புக்கு கவ்ஸில் மதிப்பெண் உண்டு, சீவா-ஏ.ஆரில் இல்லை. இதைக் கேட்காத வினாத்தொகுப்பு அரிது. பேச முடியாதவரிடமும் டெலிரியத்தில் இருப்பவரிடமும் சீவா பயன்படாது, கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவருக்கான கருவி அது.

டி.எஸ்.எம். 5, ஐ.சி.டி. 10, ஐ.சி.டி. 11: எதைப் படிப்பது?

மூன்றையும். அமெரிக்க மனநல நோய்க் கையேடான டி.எஸ்.எம். 5-ல் 12 மாதத்துக்குள் 11 அளவைகள்: 2–3 லேசானது, 4–5 மிதமானது, 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது. சட்டச் சிக்கல் என்ற அளவை போய், போதைக்கான ஏக்கம் (கிரேவிங்) சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி. 10-ல் ஆறில் மூன்று. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11-ல் மூன்று கூறுகளில் இரண்டு. வழக்கமாக 12 மாதம், தினமும் தொடர்ந்து பயன்படுத்தினால் அதைவிடக் குறைந்த காலமே போதும். பரிந்துரைப்படி வலிக்கு ஓபியாய்டு எடுப்பவரின் தாங்குதிறனையும் விலகலையும் டி.எஸ்.எம். 5-ல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஓபியாய்டு பகுதி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? இங்கே ஹெராயின் அதிகம் இல்லையே?

தேர்வின் எடை வெளிநாட்டு நோய்ச்சுமையைப் பின்பற்றுகிறது. இங்கேயும் ஒன்றும் குறைவில்லை: ‘வலி மாத்திரை’ என்ற பெயரில் டேபென்டடாலைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் சென்னை முழுக்கத் தெரிந்ததுதான். அதோடு நைட்ரசெபாம், ப்ரீகாபலின் சேர்ந்தால் மூச்சு நிற்கும் ஆபத்து கூடுகிறது. வாய்வழி மாத்திரையின் நிரப்புப் பொருள்கள் இரத்த நாளங்களையும் நுரையீரலையும் அடைக்கும். சீழ்க்கட்டி, ஹெபடைடிஸ் சி, வலது இதய வால்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று எல்லாம் கேள்வியாக வரும். டிராமடால் என்றால் வலிப்பையும் செரடோனின் சிண்ட்ரோமையும் சேர்த்து நினையுங்கள். ஓபியாய்டு முறிமருந்தான நலோக்சோன் அந்த வலிப்பை நிறுத்தாது.

ஓபியாய்டு சார்புக்கு மாற்று மருந்தான புப்ரெனார்ஃபின் தொடங்குவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஹெராயின் போன்ற குறுகிய நேரம் செயல்படும் மருந்துக்குப் பின் 12 மணி நேரமாவது, மெத்தடோனுக்குப் பின் 24 மணிக்கு மேலாவது காத்திருந்து, கவ்ஸ் 11–12 வந்தபின் 2 முதல் 4 மி.கி. நாக்கின் அடியில். அவசரப்பட்டால் திடீர் விலகல் வரும். காரணம் கூட்டு மாத்திரையில் உள்ள நலோக்சோன் என்று பலர் விடை போடுகிறார்கள். அல்ல. நாக்கடியில் நலோக்சோன் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். ஏற்பியை இறுகப் பற்றி, மற்ற ஓபியாய்டைத் தள்ளிவிட்டு, அரைகுறையாக மட்டும் தூண்டும் புப்ரெனார்ஃபினே காரணம்.

ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் நால்ட்ரெக்சோனுக்கு 7 முதல் 10 நாள் ஓபியாய்டு இல்லாமல் இருக்க வேண்டும். புழல் சிறையிலிருந்து வெளியே வந்தவர் பழைய அளவையே ஏற்றினால் ஏன் இறக்கிறார் என்ற கேள்விக்கு விடை: தாங்குதிறன் இறங்கிவிட்டது. விடுதலைக்குப் பின்னான முதல் இரு வாரங்களே மிக ஆபத்தானவை.

கர்ப்பிணிக்கு ஓபியாய்டு சார்பு என்றால் நிறுத்த வைப்பது விடையல்ல. மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபினில் வைத்திருப்பதே சரி. மூன்றாம் பருவத்தில் அளவைக் கூட்டவோ இரண்டாகப் பிரிக்கவோ நேரலாம். தாய்ப்பாலுக்குத் தடை இல்லை.

காசநோய், எச்.ஐ.வி. உள்ளவர்களில் எந்த மருந்துச் சிக்கல்கள் முக்கியம்?

வடசென்னையில் இது புத்தகப் பாடம் அல்ல. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், இரத்தத்தில் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டின் அளவையும் குறைக்கும். நன்றாக இருந்த நோயாளி டி.பி. மருந்து தொடங்கிய சில நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்குடன் வந்தால் மறைவாகப் பயன்படுத்துகிறார் என்று சந்தேகிக்காமல் அளவைக் கூட்டுங்கள். எச்.ஐ.வி. மருந்துகளான எஃபாவிரென்ஸ், நெவிராபைன் இரண்டும் மெத்தடோனை அப்படியே குறைக்கும். டோலுடெக்ராவிர் பெரிதாகத் தொடாது. குடித்தால் எதிர்வினை வரவைக்கும் டைசல்ஃபிராமுடன் காசநோய் மருந்தான ஐசோநியசிட் சேர்ந்தால் தள்ளாட்டமும் மனநிலை மாற்றமும், மெட்ரோனிடசோல் சேர்ந்தால் சைக்கோசிஸும் வரலாம். மெத்தடோனுடன் இதயத்தின் க்யூ.டி. இடைவெளியை நீட்டும் மருந்து எது சேர்ந்தாலும் ஈ.சி.ஜி.

குடியைத் தடுக்கும் மாத்திரைகளில் கேட்கும் எண்கள்?

அகாம்ப்ரோசேட் 666 மி.கி. மூன்று வேளை. கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30–50 என்றால் பாதி, 30-க்குக் கீழ் கூடாது. கல்லீரல் பழுதுக்கு ஏற்றது, சிறுநீரகப் பழுதுக்கு ஆகாது. நால்ட்ரெக்சோன் 50 மி.கி., இது நேர்மாறு. டைசல்ஃபிராம் 250 மி.கி., கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்து. நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை குடித்தால் எதிர்வினை வரும்.

“டாக்டர், அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்கறமாதிரி மாத்திரை எழுதிக் கொடுங்க” என்று வீட்டம்மா கேட்பது இங்கே அன்றாடம். தேர்விலும் வரும். விடை எப்போதும் மறுப்புதான்: சம்மதமில்லாச் சிகிச்சை என்பது ஒரு பக்கம், மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் அவர் ஒரு ஃபுல் அடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம் என்பது மறுபக்கம். நோயாளியின் சம்மதத்துடன் மனைவி முன்னிலையில் தினம் விழுங்க வைப்பது ஏற்புடையது. அந்த வேறுபாட்டைத்தான் சோதிக்கிறார்கள்.

புகையிலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

ஒரு வாரம் போதும், ஆனால் மதிப்பெண் தங்கமாக வரும். காலையில் எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மி.கி. சூயிங்கம், இல்லையென்றால் 2 மி.கி. மென்றுகொண்டே இருக்காமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும். காபி, கூல் டிரிங்க்ஸ் 15 நிமிடம் முன்பே நிறுத்தப்பட வேண்டும், அமிலத்தில் நிக்கோட்டின் உறிஞ்சாது. மாவா (புகையிலை-பாக்குக் கலவை) போட்டுப் போட்டு வாய் திறக்க முடியாமல் போனவருக்கு கம் எழுதுவது அர்த்தமில்லாதது, பேட்ச்தான். வாரெனிக்ளின் 0.5 மி.கி.யில் தொடங்கி எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை. வலிப்பு இருந்தவருக்கு புப்ரோப்பியான் கூடாது. மனநோய் மருந்தான குளோசபைன் எடுப்பவர் பீடியை நிறுத்தினால் மருந்தளவு இரத்தத்தில் ஏறும். நொதியைத் தூண்டுவது புகையில் உள்ள தார், நிக்கோட்டின் அல்ல. பேட்ச் போட்டாலும் அளவு ஏறும் என்பதுதான் கேள்வியின் பொறி.

சிறுநீர்ப் பரிசோதனைக் கேள்விகளில் எப்போதும் தவறுகிறேன்.

வழக்கமான ‘ஓபியேட்’ பட்டை மார்ஃபினையும் கோடீனையும் பிடிக்கும். மெத்தடோன், புப்ரெனார்ஃபின், ஃபென்டனில், டிராமடால், டேபென்டடால் எதையும் நம்பகமாகப் பிடிக்காது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசோதனை. பென்சோடயசெபைன் பட்டை லோராசெபாமையும் குளோனசெபாமையும் தவறவிடும். புப்ரோப்பியான், லாபெடலால் ஆகியவை ஆம்ஃபெடமைன் இருப்பதாகப் பொய் சொல்ல வைக்கும். 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் இருந்தால் ஹெராயின் உறுதி. மதுவுக்கு: சிறுநீரில் அதன் சுவடான ஈ.டி.ஜி. சில நாள், இரத்தத்தில் பெத் இரண்டு முதல் நான்கு வாரம் தெரியும், எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) இறங்கச் சில மாதம்.

கள்ளச்சாராயம் தேர்வில் வருமா?

மெத்தனால் நஞ்சு வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். குடித்து 12 மணி நேரம் வரை சாதாரணப் போதைபோல் இருந்து, பிறகு பார்வை மங்கல், வயிற்றுவலி, வேகமான மூச்சு. எதிரயனி இடைவெளி (ஆனியன் கேப்) உயர்ந்த அமிலத்தேக்கம். காரணம் ஃபார்மிக் அமிலம். முறிமருந்தான ஃபோமெபிசோல் முதலில் கிலோவுக்கு 15 மி.கி., பின் 12 மணிக்கு ஒருமுறை 10 மி.கி. வீதம் நான்கு முறை. அது கிடைக்காவிட்டால் எத்தனால். ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ். ஆஸ்மோலார் இடைவெளி இயல்பாக இருக்கிறது என்று மெத்தனாலை விலக்கிவிடாதீர்கள்: தாமதமாக வந்தவரிடம் மெத்தனால் ஏற்கெனவே அமிலமாக மாறியிருக்கும்.

சட்டத்தில் எவ்வளவு?

இந்தியத் தேர்வுக்கு: 1985 போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு (உட்கொள்வது குற்றம்), தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ, 2017 மனநலச் சட்டத்தில் மதுவும் போதைப்பொருளும் சார்ந்த நிலைகள் மனநோய் வரையறைக்குள் வருவது, 89-ஆம் பிரிவின் கீழ் ஆதரவுடன் சேர்க்கை 30 நாள் வரை என்பது. “ஆளை அனுப்பித் தூக்கிட்டுப் போகும்” மீட்பு மையங்கள் எந்தப் பிரிவிலும் அடங்காது. அமெரிக்கத் தேர்வுக்கு அவர்களின் ரகசியக் காப்பு விதிகள் தனி. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள்.

ஆலோசனைக் கேள்விகளில் நான்கு விடையும் சரியாகத் தெரிகிறது.

“அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்றால் அறிவுரை, எச்சரிக்கை, தர்க்கம் மூன்றையும் அடித்துவிடுங்கள். நோயாளி சொன்னதையே பிரதிபலிக்கும் வாக்கியம் எது என்று தேடுங்கள். நம் ஓ.பி. பழக்கமான “குடிச்சா செத்துடுவீங்க” எப்போதும் தவறான விடை. தூண்டிப் போதைப்பொருள்களுக்கு வலுவான சான்றுள்ள உளவியல் முறை, சுத்தமான சிறுநீருக்குப் பரிசு தரும் கன்டின்ஜென்சி மேனேஜ்மென்ட்.

வினாத்தொகுப்பு எது வாங்குவது?

பெயரைவிட வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அமெரிக்காவில் புப்ரெனார்ஃபின் எழுத எக்ஸ் உரிமம் என்னும் தனி அனுமதி வேண்டும் என்று விடை சொன்னால் அது பழைய தொகுப்பு, அந்த விதி 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது. ஆசாம் என்னும் அமெரிக்க போதை மருத்துவச் சங்கத்தின் அளவைகளின் நான்காம் பதிப்பு 2023-ல் வந்தது. ‘மாறத் தயாராக இருத்தல்’ அதில் தனிப் பரிமாணமாக இல்லை.

ஆறு மாதம் இருக்கிறது, நைட் டியூட்டியும் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதல் மாதம் மருந்தியலும் மூளையின் நரம்புச் சுற்றுகளும், அது இல்லாமல் மற்றதெல்லாம் மனப்பாடம். இரண்டு மாதம் மதுவும் ஓபியாய்டும். நான்காம் மாதம் புகையிலை, கஞ்சா, தூண்டிகள், தூக்க மாத்திரை, தின்னர் போன்ற முகர்பவை. ஐந்தாம் மாதம் கர்ப்பம், வலி, தொற்று, சட்டம், புள்ளியியல். ஆறாம் மாதம் புதிதாக எதையும் திறக்காமல் நேரம் வைத்து மாதிரித் தேர்வுகள். நைட் டியூட்டி முடிந்த காலையில் புதுப் பாடம் ஏறாது. அன்று தவறிய கேள்விகளை மட்டும் புரட்டுங்கள். தவறு நோட்டில் மூன்று பத்தி: தெரியாதது, தெரிந்தும் குழம்பியது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. மூன்றாம் பத்தி நீண்டால் படிப்பைக் கூட்டாமல் தூக்கத்தைக் கூட்டுங்கள்.

புள்ளியியலுக்கு ஒரே கணக்கு போதும். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய், பரிசோதனையின் உணர்திறனும் குறித்தன்மையும் 90 சதவீதம். ஆயிரம் பேரில் 90 உண்மை நேர்மறை, 90 பொய் நேர்மறை. முடிவு நேர்மறையானவரில் பாதிப் பேருக்குத்தான் நோய்.

தெரியாத கேள்விக்கு ஊகித்து விடை போடலாமா?

தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கும் தேர்வில், நான்கு விடைகளில் கண்ணை மூடிப் போட்டால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தாலே கேள்விக்கு ஒன்பதில் ஒரு மதிப்பெண் லாபம், எனவே போடுங்கள். கழிவு இல்லாத தேர்வில் எதையும் காலியாக விடாதீர்கள். உங்கள் தேர்வின் விதியை அந்த அமர்வின் விளக்கக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் படிக்க இடமில்லை. தேர்வு நாளில் எப்படிக் கிளம்புவது?

கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்னும் அரசுப் படிப்பு மையம் இருக்கிறது, மேசையும் அமைதியும் கிடைக்கும். விம்கோ நகர் பக்கம் இருப்பவர்களுக்கு சென்ட்ரல் வரையிலான மெட்ரோ பயணமே மருந்தளவு அட்டைகளைப் புரட்டும் நேரம்.

ஆண்டின் இறுதியில் நடக்கும் தேர்வு வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். மழையென்றால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றால் ஆட்டோவும் நகராது. முடிந்த அளவு மெட்ரோவில் போய் மீதிக்கு ஆட்டோ பிடியுங்கள். ஹால் டிக்கெட், அசல் அடையாள அட்டை இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். முந்தைய இரவு டியூட்டியை இரண்டு வாரம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள்.